சுவருக்குக் கிழக்கே அறுபத்திரண்டு அடி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உறையின் மேல் பூங்கா அலுவலக முத்திரையைப் பார்த்து, ஏதோ அலுவல் கடிதம் என்று நினைத்துத்தான் பிரித்திருப்பாய். என் கையெழுத்தைப் பார்த்திருந்தால் நேராகக் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். மூன்றரை வருடமாக அக்காவின் போனை எடுக்காதவனுக்கு வேறு எப்படி எழுதுவது? திட்டுவதற்காக எழுதவில்லை. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பூங்காவும் கடற்கரையும் மே முதல் தேதியிலிருந்து அரசாங்கத்தின் கையை விட்டு நகராட்சிக்குப் போகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒப்படைக்கும் நிலத்தின் அட்டவணை நேற்று எனக்கு வந்தது, பூங்கா மேற்பார்வையாளர் என்ற முறையில் ஒரு பிரதி. கடைசிப் பக்கத்தில் நில அளவர் கையெழுத்து. உன்னுடையது. பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பைத்தியக்காரி மாதிரி. அப்புறம்தான் மேலே படித்தேன்.

"கிழக்கு எல்லை: தடுப்புச் சுவர். அதற்கு அப்பால் கடல்."

கடல் எங்கேடா இருக்கிறது அங்கே? நான் இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலை சுவரில் வந்து மோதும், வாஸ்தவம். வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டினார்களே, அன்றிலிருந்து வருடா வருடம் இந்தப் பக்கம் மணல் சேர்ந்துகொண்டே வருகிறது. இன்று காலை நானே டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை, சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டிக்கொண்டேன். சுவரிலிருந்து ஈர மணல் வரைக்கும் அறுபத்திரண்டு அடி. குளிக்க வருகிற ஜனம் முழுக்க அந்த அறுபத்திரண்டு அடியில்தான் நிற்கிறது. காவல் மேடை அங்கேதான் இருக்கிறது. மிதவைக் கயிறு கட்டும் கம்பம், முதலுதவிக் கொட்டகை எல்லாம் அங்கேதான். உன் அட்டவணையில் அந்த மணலே இல்லை. காகிதப்படி பார்த்தால் என்னுடைய உயிர்காப்பாளர்கள் நான்கு பேரும் நடுக்கடலில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. "நவம்பர் 14 அன்று தளத்தை நேரில் அளந்து சரிபார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாய். அன்று முழுக்க நான் இங்கேதான் இருந்தேன். வாசல் பதிவேட்டைப் புரட்டினேன். வேலையாக யார் வந்தாலும் பெயர், நேரம், வந்த காரணம் எழுதிக் கையெழுத்துப் போடாமல் உள்ளே விடமாட்டோம். ஒரு தடவை அமைச்சரையே எழுத வைத்தவள் நான். நவம்பர் 14-ல் பம்பு ரிப்பேருக்கு வந்தவர் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி காலி. உன் பெயர் இல்லை.

வந்தாயா, தம்பி? வந்துவிட்டு என் கதவைத் தட்டாமல் போனாயா?

எப்படியோ போகட்டும். அட்டவணையைத் திருத்திக் கொடு. அவ்வளவுதான் கேட்கிறேன். குட்டி எப்படி இருக்கிறாள்? பன்னிரண்டு வயது முடிந்திருக்குமே.

அக்கா

*

பிப்ரவரி 16

அக்காவுக்கு,

உன் 9-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

அட்டவணை, அலுவலகத்தில் உள்ள பதிவேடுகளின் அடிப்படையில் தயாரிக்கப்பட்டது. கடலோரத்தில் புதிதாகச் சேரும் மணல் தனி வகை. அதற்கென்று தனி நடைமுறை உண்டு. ஆட்சேபம் இருந்தால் மார்ச் 28 அன்று நகராட்சி மண்டபத்தில் நடக்கும் விசாரணையில், உரிய ஆதாரத்துடன் எழுத்து மூலம் கொடுக்கலாம்.

நவம்பர் 14 பற்றி நீ கேட்டிருப்பது இந்த விஷயத்துக்குத் தேவையில்லாதது.

அக்கா, இதில் தலையைக் கொடுக்காதே. உனக்கு இன்னும் இரண்டு வருட வேலைதான் பாக்கி. நகராட்சிக்கு மாறினால் அங்கேயும் உட்கார ஒரு நாற்காலி வேண்டும். வந்ததும் வராததுமாகச் சண்டைக்காரி என்று பெயர் எடுக்காதே.

குட்டி நன்றாகப் படிக்கிறாள். தண்ணீர்ப் பக்கம் மட்டும் போவதில்லை. பள்ளியில் நீச்சல் வகுப்புக்கு விலக்குக் கேட்டு வருடா வருடம் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி

*

பிப்ரவரி 23

தம்பிக்கு,

"இப்படிக்கு" போட்டு முடித்திருக்கிறாய். நல்ல வேளை, "தங்கள் உண்மையுள்ள" என்று போடவில்லை. இந்தக் கடிதம் என் கிளார்க் கையில் கிடைத்திருந்தால் கோப்பு எண் போட்டு உள்ளே வைத்திருப்பார்.

தலையைக் கொடுக்காதே என்கிறாய். கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமையே நகராட்சிக்குப் போனேன். அங்கே ஒரு குமாஸ்தா. எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பதால் ஊரே அவரை "நாளைக்கு" என்றுதான் கூப்பிடுகிறது. மூன்று நாள் அலையவிட்டார். நான்காம் நாள் பொறியாளரைப் பார்த்தேன். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்த மனுஷன். படத்தை விரித்து, அந்தச் சுவர்க் கோட்டின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு பேசினார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. அட்டவணையில இல்லாத மண்ணுல என் ஆளை நிறுத்த முடியாது. அங்க ஒருத்தர் போயிட்டார்னா, உன் ஆள் என்ன பண்ணிட்டிருந்தான்னு என்னைத்தான் கேப்பாங்க."

"ஆள் இல்லாம ஒருத்தர் போயிட்டா யாரைக் கேப்பாங்க?" என்றேன்.

பென்சிலைக் கீழே வைத்தார். "யாரையும் கேக்க மாட்டாங்க மேடம். அதைத்தான் சொல்றேன்."

மே முதல் தேதி காலை மேடையைக் கழற்றிவிட வேண்டுமாம். கயிற்றை அவிழ்த்துவிட வேண்டுமாம். நான்கு பேரையும் பூங்காவுக்குள் செடிகளுக்குத் தண்ணீர் விட அனுப்புவார்களாம். பள்ளி விடுமுறை ஏப்ரல் 29-ல் ஆரம்பிக்கிறது. விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை இந்த மணலில் எத்தனை பிள்ளைகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிறு மட்டும் இரண்டு பேரை இழுத்து வந்தார்கள். ஒருத்திக்கு நம் குட்டியின் வயதுதான் இருக்கும். மணலில் கிடத்திய பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம் இருமினாள்.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தே இதையும் எழுதுகிறேன். என்னிடம் குட்டியை விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் கடைக்குப் போன அந்த நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னாயே, "ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் பாத்துக்கறே, என் பிள்ளையை மட்டும் விட்டுட்டே" என்று. ஒன்பது நாள் அவள் அந்தக் கட்டிலில் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் நான் மேலதிகாரிகளின் அறை அறையாக ஏறி இறங்கி அந்த மேடையைக் கட்ட வைத்தேன். நான்கு ஆள், காலையிலிருந்து இருட்டும் வரை. மேடை வந்து மூன்று கோடை ஆயிற்று. ஒரு சாவு இல்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நீதான் போனை எடுக்கவில்லையே.

அந்த மேடையைத்தான் கடலுக்குள் போட்டிருக்கிறாய். திரும்பவும் கேட்கிறேன். நவம்பர் 14 அன்று வந்தாயா?

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. வீட்டில் எழுத முடியவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், வரைபட அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது வரும் சத்தம் கேட்டால் மேலே ஒரு படத்தை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

வந்தேன். ஊருக்கு வந்தேன். பூங்காவுக்குள் வரவில்லை.

"உங்க அக்கா இருக்கிற இடம்தானே, நீங்களே போயிட்டு வாங்க" என்று எங்கள் அதிகாரி எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அனுப்பினார். மறுக்கக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் சரி என்றேன். ஒன்பது மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினேன். பையில் டேப், பழைய படம் எல்லாம் இருந்தது. மேற்கு வாசலுக்கு எதிரே டீக்கடை இருக்கிறதே, அங்கே உட்கார்ந்தேன். அங்கிருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். இரண்டாயிற்று, மூன்றாயிற்று. "யாருக்காவது காத்திட்டிருக்கீங்களா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

உன்னைப் பார்த்தேன், அக்கா. வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாய். தலை நன்றாக வெளுத்துவிட்டது. எழுந்து வந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. குட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து கிடத்தினார்களே, அந்த இடத்தில் நின்றுதான் நான் டேப் பிடிக்க வேண்டும்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பழைய படத்தில் சுவரை ஒட்டிக் கடல் என்று நீல மை பூசியிருந்தது. அதை அப்படியே எடுத்து எழுதினேன். நேரில் அளந்ததாகக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தொரு வருட வேலையில் இப்படி ஒன்று நான் செய்ததில்லை. ஒரு வேலி ஓரத்தை அளக்க மூன்று தடவை போகிறவன் என்று பக்கத்து மேசைக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள்.

இது வெளியே வந்தால் பொய்ச் சான்று கொடுத்ததாக ஆகும். முதலில் தற்காலிக நீக்கம், பிறகு விசாரணை, வேலையே போனாலும் போகும். வீட்டில் யாருக்கும் தெரியாது. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

மேடை இருப்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பழைய படத்தில் அது இல்லை. மூன்று கோடை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 9

தம்பி,

கிழிக்கவில்லை.

படித்ததும் உன் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. டீக்கடையில் மூன்றாவது டீயோடு உட்கார்ந்திருந்த உன்னையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தெருவின் அகலம். "அக்கா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். செருப்பைக் கையில் வைத்திருந்தது வார் அறுந்து போனதால். திட்டிக்கொண்டும் இருந்தேன், அது வேறு விஷயம்.

நீ மட்டும் தலை குனிந்து நிற்க வேண்டாம். நானும் ஒன்று சொல்கிறேன்.

அன்றைக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது, அதைப் பேசத்தான் திரும்பினேன் என்று உன்னிடம் சொன்னேன். உன் பெண்டாட்டியிடமும் டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். போனெல்லாம் வரவில்லை. ஒருத்தன் பூச்செடிப் பாத்திக்குள் சைக்கிளை விட்டான். நான் சுவர் மேல் ஏறி நின்று அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஒன்று சொல்ல, நான் நாலு சொல்ல, பத்து நிமிஷம் போயிருக்கும். என் வாய் உனக்குத் தெரியும். நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்தேன், தம்பி. அந்த நேரம் முழுக்க குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பட்டம் விற்கிறவர் சட்டையோடு தண்ணீரில் பாய்ந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

இதை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அவமானமாக இருக்கிறது. ஒரு சைக்கிளுக்காக.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆட்சேபத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். "நாளைக்கு" அதை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், நீங்க அளந்தது உங்க திருப்திக்கு. அளவர் கையெழுத்துப் போட்டு ஒரு அளவு இருக்கு. அது தப்புன்னா ஆதாரம் வேணும்."

"என்ன ஆதாரம்?"

"அவர் அளக்கவே இல்லைன்னு எழுத்துல ஏதாவது இருந்தா குடுங்க. இல்லைன்னா 28-ஆம் தேதி அஞ்சு நிமிஷத்துல தள்ளிடுவாங்க."

உன் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் பஸ்ஸில் இரண்டு தடவை திறந்து, இருக்கிறதா என்று பார்த்தேன். இப்போது மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

பூட்டி வைத்திருக்கிறேன் என்கிறாயே, எதற்கு? மிரட்டுகிறாயா? கிழித்துப் போடு என்று எழுதினேனே. உன்னை நம்பித்தானே எழுதினேன்.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் அதிகாரியிடம் போய், அந்தக் கோப்பை ஒரு தடவை திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். எதிலும் முத்திரையை ஓங்கிக் குத்துகிறவர், "முத்திரை" என்றே அவருக்குப் பெயர். "குத்தியாச்சே. திறக்கணும்னா காரணம் எழுதிக் குடு" என்றார். என்ன காரணம் எழுதுவேன்? திரும்பி வந்தேன். அன்றிலிருந்து அவர் என்னை நிமிர்ந்து பார்த்தால்கூடத் திக்கென்கிறது. தொலைபேசி அடித்தால் திக்கென்கிறது.

ஒரு வழி இருக்கிறது. நவம்பர் 14-ல் ஒரு வரி காலி என்று நீயே எழுதியிருந்தாய். பம்பு ரிப்பேர்காரருக்குக் கீழே. அதில் என் பெயரை எழுதிவிடு. நேரம் 9.40, காரணம் நில அளவை. கையெழுத்தையும் நீயே கிறுக்கிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்? அப்புறம் எவர் கேட்டாலும் நான் வந்ததாக ஆகிவிடும். மணலை அடுத்த வருடம் தனி மனுவாகப் போட்டுச் சேர்த்துவிடலாம். நானே பின்னாலேயே இருந்து முடித்துத் தருகிறேன். ஒரு வருடம்தானே.

கையெடுத்துக் கும்பிடுகிறேன், அக்கா. அந்தக் கடிதத்தை என்னிடம் அனுப்பிவிடு.

சைக்கிள்காரன் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத இப்போது எனக்குத் தெம்பு இல்லை.

தம்பி

*

மார்ச் 19

தம்பி,

இந்தா உன் கடிதம், இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச் 3 தேதியிட்டது, இரண்டு தாள். நகல் எடுக்கவில்லை. யாருக்கும் காட்டவில்லை.

மிரட்டுகிறாயா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க நான் யாரோடும் சண்டை போடவில்லை. வாசல் காவலர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டார்.

பதிவேட்டில் எழுத மாட்டேன். மறைப்பானேன், பேனாவை எடுத்தேன். காவலரை ஏதோ வேலையாக அனுப்பிவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "9.40" வரைக்கும் மனசுக்குள் எழுதியாகிவிட்டது. எழுதினால் உன் வேலை தப்பும். ஆனால் நீ அளந்தது சரி என்று நானே சாட்சி சொன்னதாகவும் ஆகும். அப்புறம் 28-ஆம் தேதி எந்த முகத்தோடு எழுந்து நின்று, சுவருக்குக் கிழக்கே மணல் இருக்கிறது என்று சொல்வேன்? ஒரு வருடம்தானே என்கிறாய். குட்டி தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருந்தாள், ஒரு வருடமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். அவளைப் பார்த்துக்கொள் என்று என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாய், நான் பார்க்கவில்லை. இப்போது உன் வீட்டுச் சோற்றில் நானே மண்ணை அள்ளிப் போட என்னால் ஆகாது. 28-ஆம் தேதி என் டேப்பையும் என் வாயையும் எடுத்துக்கொண்டு போகிறேன். தள்ளிவிடுவார்கள், தெரியும்.

தள்ளிவிட்டால் மே முதல் தேதி காலையில் மேடை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், ஏணியில் பதினொரு படி. என்னையும் சேர்த்துத்தான் அவர்கள் கழற்ற வேண்டியிருக்கும். ஊரில் யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை. விசாரணைக்கு நீ வராதே.

அக்கா

*

மார்ச் 26

அக்கா,

உன் கடிதத்தைக் குட்டிதான் முதலில் பிரித்தாள். இந்தத் தடவை நீ உறையில் அலுவலக முத்திரை போடவில்லை. அத்தையின் கையெழுத்து அவளுக்கு நினைவிருக்கிறது. நான் வீட்டுக்கு வந்தபோது உன் கடிதம், என் கடிதம் இரண்டையும் சாப்பாட்டு மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்காகவாப்பா நீங்க உள்ள போகல?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

"நான் அப்படிக் கேக்கவே இல்லையே."

அவள் அம்மா எழுந்துபோய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

சைக்கிள்காரன் விஷயம். அந்தப் போன் கதையை நான் அன்றைக்கே நம்பவில்லை, அக்கா. என் போனில் சார்ஜ் இல்லை என்று உன் போனைத்தான் கடைக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் போன் வந்தது, போன் வந்தது என்று அழுதபோது அது என் சட்டைப் பையில் இருந்தது. மறுநாள் உன் பையில் போட்டுவிட்டேன். உனக்கு அது நினைவில்லாமலே போயிருக்கிறது. நீயாக உண்மையைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ கூப்பிடும்போதெல்லாம் இன்னொரு தடவை அந்தப் பொய்யைக் கேட்க வேண்டுமே என்றுதான் எடுக்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ அன்றைக்கே சொல்லியிருப்பாய்.

நேற்றுக் காலை காரணம் எழுதிக் கொடுத்தேன். நான்கே வரி. "முத்திரை" இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் பாக்கலைன்னு வெச்சுக்கட்டுமா?"

"வேண்டாம் சார். பாத்துட்டீங்கன்னே வெச்சுக்குங்க."

குத்தினார், ஆனால் மெதுவாக. ஒரு பிரதி 28-ஆம் தேதி விசாரணைக்குப் போகிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நான் தற்காலிக நீக்கத்தில் இருக்கிறேன். மறு அளவைக்கு ஏப்ரல் 6 காலை வேறோர் அளவர் வருகிறார். முதலில் கையெழுத்துப் போட்டவன் என்பதால் நானும் உடனிருக்க வேண்டும். திருத்தம் மே முதல் தேதிக்குள் வருமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள்.

எழுதிக் கொடுத்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. குட்டியும் வருகிறேன் என்கிறாள். அவளுக்கு எப்படி இருக்குமோ, எனக்கே எப்படி இருக்குமோ தெரியவில்லை.

ஆணி அடிக்காதே. டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

தம்பி

*

மே 2

தம்பி,

வந்துவிட்டது. ஏப்ரல் 30 மாலை நான்கு மணிக்கு வந்தது. அதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. மதியமே இரண்டு ஆட்களை அனுப்பி மேடையின் அடி போல்ட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஏணியில் நான்காவது படியில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது "நாளைக்கு" வேகு வேகென்று மணலில் ஓடி வருகிறார், கையில் திருத்த உத்தரவு. "இன்னைக்கே குடுத்துடலாம்னு வந்தேன் மேடம்" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து "இன்னைக்கு" என்ற வார்த்தையை ஊரில் யாரும் கேட்டதில்லை. நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கியாயிற்று. நேற்று நான்கு பேரும் நகராட்சியின் புதுச் சட்டையில் நின்றார்கள். ஒருத்தருக்கும் அளவு சரியில்லை. நல்ல கூட்டம். ஒருத்தரைக்கூட இழுத்து வர வேண்டியிருக்கவில்லை.

உத்தரவில் "சுவருக்குக் கிழக்கே அறுபத்தொன்றே முக்கால் அடி" என்று போட்டிருக்கிறது. கால் அடியை உன் புது அளவர் சாப்பிட்டுவிட்டார். போகட்டும், சண்டை போடவில்லை.

இருபதாம் தேதி உன் விசாரணை என்று உன் பெண்டாட்டி போனில் சொன்னாள். நானும் வருகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். என்ன ஆனாலும் பஸ்ஸில் சேர்ந்தே திரும்புவோம்.

ஏப்ரல் ஆறாம் தேதி டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் அரை மணி நேரம் நின்றாய். அளந்து முடித்த பிறகும் டேப்பை விடவில்லை. நான்தான் விரலைப் பிரித்து வாங்கினேன். குட்டி தண்ணீருக்கு இருபது அடி தள்ளியே நின்றாள், அதற்கு மேல் போகவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன். கூப்பிடவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.

இன்று காலை பழைய வாசல் பதிவேட்டை முடித்துக் கட்டினேன். பழையதை நகராட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். நவம்பர் 14 பக்கத்தில் அந்தக் காலி வரியில் ஒரு கோடு போட்டு அடைத்தேன். அப்படியே ஏப்ரல் 6-க்கு வந்தேன். முதல் வரியில் புது அளவர். இரண்டாவது வரியில் நீ. நேரம் 9.40, வந்த காரணம் நில அளவை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. நீ சுவரோரம் நின்றுகொண்டிருந்தபோது குட்டி தனியாக வாசலுக்குத் திரும்பிப் போய், "நானும் எழுதணும்" என்று காவலரிடம் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாள். முழுப் பெயர், நேரம், கையெழுத்து.

வந்த காரணம்: அத்தையைப் பார்க்க. அதைச் சின்னதாக எழுதிவிட்டு, இடம் மீதி இருந்ததால் பக்கத்தில் சேர்த்திருக்கிறாள்: கடலையும்.

மதியம் "நாளைக்கு" பதிவேட்டை வாங்கிக்கொண்டு போக வந்தார். நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்கா